கேட்கத் தவறிய கேள்வி

ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் நாம் பங்குத்தந்தையாகப் பணியாற்றிய சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்தது இது. அக்டோபர் மாதம், பாதுகாவலியின் திருவிழா முடிந்த மறுநாள். சப்பரப் பவனியின்போது அன்பர்கள் அளித்த காணிக்கையில் எட்டாயிரம் ரூபாய் கொண்ட உறை ஒன்றைக் காணவில்லை. முந்திய இரவு அப்பணத்தை எண்ணி, உறையிலிட்டு, அதன்மேல் தொகையை எழுதியவர் நாமே. காலையில் கணக்கை முடிக்க அமர்ந்தபோது ஏனைய உறைகள் யாவும் இருந்தன. அந்த ஒன்று மட்டும் இல்லை.

அவ்வறையின் சாவி இருவரிடம் இருந்தது. ஒன்று நம்மிடம், மற்றொன்று கோவில்பிள்ளையிடம். இருபத்திரண்டு ஆண்டுகள் அக்கோவிலில் மணியடித்து, விளக்கேற்றி, பீடத்தை ஆயத்தம் செய்து வந்தவர் அவர். ஆயினும் நம் உள்ளத்தில் எழுந்த ஐயம் ஒரு மணி நேரத்திற்குள் உறுதியாகிவிட்டது. அவ்வாண்டுதான் அவர் மூத்த மகளுக்குத் திருமணம் முடித்திருந்தார். கடன் இருப்பதாகக் கேள்வி. அண்மையில் புதிய மிதிவண்டி ஒன்றும் வாங்கியிருந்தார். அன்று காலை நம் முகத்தைப் பாராமல் தரையைப் பார்த்தே பேசினார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம், கணக்கு நேராயிற்று. அந்த மிதிவண்டியை அவர் வாங்கியது பணம் காணாமற்போவதற்கு முந்திய வாரத்தில் என்பதுகூட நம் எண்ண ஓட்டத்தைத் தடுக்கவில்லை.

அவரிடம் நாம் ஒன்றும் கேட்கவில்லை. வாய்திறந்து குற்றம் சாட்டவும் இல்லை. “சாவியை வைத்துவிட்டுப் போங்கள்; இனி உங்களுக்குச் சிரமம் வேண்டாம்” என்று மட்டும் சொன்னோம். அவர் மறுமொழி கூறாமல் இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சிற்றூருக்கு அது போதும். மாலைக்குள் ஊரே பேசியது. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முன்னரே அவர் குடும்பத்தோடு வேறோர் ஊருக்குப் பிழைப்புத் தேடிப் போய்விட்டார்.

பிப்ரவரியில் தவக்காலம் நெருங்கிற்று. சுரூபங்களை மூடும் ஊதாத் துணிகளை அலமாரியிலிருந்து எடுத்து உதறினோம். மடிப்பிலிருந்து அந்த உறை விழுந்தது. மேலே நம் கையெழுத்தில் தொகை. அப்போதுதான் அந்த இரவு நினைவுக்கு வந்தது. பணத்தை எண்ணி முடித்த வேளையில், சாகுந்தறுவாயில் இருந்த முதியவர் ஒருவருக்கு நோயில்பூசுதல் அளிக்க அழைப்பு வந்தது. புனித எண்ணெயை எடுக்க அலமாரியைத் திறந்து, கையிலிருந்த உறையை அங்கிருந்த துணிகளினிடையே செருகிவிட்டு ஓடியவர் வேறு எவருமல்லர், நாமே!

வாசக அன்பர்களே, நம் தவற்றை அச்சில் ஏற்றுவதில் நமக்கு மகிழ்ச்சி ஏதும் இல்லை. எனினும் சிந்தனையைப் பற்றியும், விஞ்ஞானத்தைப் பற்றியும், மனித உறவுகளைப் பற்றியும் அறிஞர் பெருமக்கள் கூறியவற்றைப் படிக்குந்தோறும் அந்த ஊதாத் துணி நம் கண்முன் விரிகிறது. குருமடத்தில் நாம் தத்துவம் பயின்றோம், தர்க்கம் பயின்றோம், எவ்வகை வாதம் செல்லும், எவ்வகை வாதம் செல்லாது என்று தேர்வும் எழுதினோம். அவ்வளவும் படித்த அறிவு ஓர் ஏழையின் நற்பெயரைக் காக்க உதவவில்லையே, ஏன்? இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

மூன்று எண்கள் கற்பிக்கும் பாடம்

1960-ஆம் ஆண்டில் இலண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியல் அறிஞர் எளிய சோதனை ஒன்றின் முடிவை வெளியிட்டார். 2, 4, 6 என்னும் மூன்று எண்களைக் கல்லூரி மாணவர்முன் வைத்தார். “இவை ஒரு விதிக்கு உட்பட்டவை. அது என்ன விதி என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் விரும்பும் மூன்று எண்களைச் சொல்லலாம்; அவை விதிக்குப் பொருந்துமா என்று நான் சொல்வேன். விதி இதுதான் என்று உறுதி ஏற்பட்டபின் அறிவியுங்கள்” என்பதே ஏற்பாடு.

இதனை உங்கள் இல்லத்திலும் செய்து பார்க்கலாம். பெரும்பாலோர் உடனே, “இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்” என்று நினைப்பர். 8, 10, 12 என்பர். பொருந்தும் என்ற விடை வரும். 20, 22, 24 என்பர், அதுவும் பொருந்தும். பிறகென்ன? விதியைக் கண்டுவிட்டோம் என்று உரக்க அறிவிப்பர். ஆனால் அது தவறு! வேசன் மனத்தில் வைத்திருந்த விதி, எண்கள் ஏறுமுகமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 7, 50 என்றாலும் பொருந்தும். முதல் முயற்சியிலேயே சரியான விதியைச் சொன்னவர் மிகச் சிலரே.

மாணவர்கள் அறிவிலிகள் அல்லர். அவர்கள் பிழை எங்கே என்றால், தம் எண்ணத்திற்குச் சாதகமான ‘ஆம்’ என்ற விடையையே திரும்பத் திரும்பத் தேடினர். “நம் எண்ணம் தவறாக இருந்தால் அதனை எது காட்டிக்கொடுக்கும்?” என்று தேடவில்லை. இரண்டிரண்டாகக் கூடாத எண்களை, 3, 4, 9 என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்திருந்தால் மயக்கம் தெளிந்திருக்கும்.

நாமும் அதையே செய்தோம். கடன், மிதிவண்டி, குனிந்த தலை ஆகிய மூன்றும் நமக்கு 2, 4, 6. சாதகமானவற்றைச் சேர்த்தோம், பாதகமான இருபத்திரண்டு ஆண்டு நேர்மையை ஒதுக்கினோம். நம் எண்ணத்தைத் தகர்க்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியை அவரிடம் கேட்கத் தவறினோம்.

உறுதி வேறு; உண்மை வேறு

“ஆனால் நமக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றியதே!” என்று சிலர் கேட்கலாம். அவ்வுறுதியைப் பற்றியே தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் டேனியல் கானமன். உளவியலாளராகிய இவருக்கு 2002-ஆம் ஆண்டில் பொருளாதாரத்திற்கான நோபெல் பரிசு கிடைத்தது. தம் ஆய்வுத் தோழர் ஏமஸ் ட்வெர்ஸ்கி 1996-இல் மறைந்தமையால் அப்பெருமையில் பங்குபெற இயலாமற் போயிற்று என்பது கானமனுக்கு நீங்காத வருத்தம்.

கானமன் இளைஞராக இசுரேல் இராணுவத்தில் உளவியல் பிரிவில் பணியாற்றினார். அதிகாரிப் பயிற்சிக்கு வரும் வீரர்களைச் சிறு குழுக்களாக்கி, கனத்த மரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சுவர் ஒன்றைக் கடக்கச் சொல்வர். யார் முன்நின்று வழிநடத்துகிறான், யார் சினங்கொள்ளுகிறான், யார் சோர்கிறான் என்று கண்காணித்து, எவன் சிறந்த அதிகாரியாவான் என்று கானமனும் அவர்தம் தோழர்களும் குறித்து வைப்பர். தம் கணிப்பில் அவர்களுக்கு ஐயமே எழுவதில்லை. ஒவ்வோர் இளைஞனின் உள்ளத்தையும் திறந்து பார்த்துவிட்டது போன்ற உணர்வு! ஆனால் பயிற்சிப் பள்ளியிலிருந்து பின்னர் வந்த தகவல்கள் அக்கணிப்புகள் குருட்டு ஊகத்தைவிடச் சற்றே மேலானவை என்று காட்டின. வியப்பு என்னவெனில், அதனை அறிந்த மறுநாளும் புதிய குழு வந்தபோது அதே உறுதியோடு கணித்தார்களாம்.

கானமன் இதிலிருந்து பெற்ற முடிவு ஒவ்வொரு குடும்பத் தலைவரும், ஒவ்வோர் ஆசிரியரும், ஒவ்வொரு குருவும் நெஞ்சில் எழுதிக்கொள்ளத் தக்கது. நம் உள்ளத்தில் எழும் உறுதி, செய்தி உண்மை என்பதற்குச் சான்றன்று. கதை ஒன்று முரணின்றிப் பொருந்தி வந்துவிட்டால் மனம் உறுதி கொள்ளுகிறது. கதைக்குத் தேவையான செய்திகள் முழுவதும் கையில் உள்ளனவா என்று அது கேட்பதில்லை. செய்தி குறையக் குறையக் கதை பொருந்துவதும் எளிதாகிறது!

மனிதச் சிந்தனையின் தவறுகளை உலகிற்கு உணர்த்திய இவரே தாமும் ஒன்றில் தவறினார். 2011-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலின் ஓர் அதிகாரத்தில் சில ஆய்வுகளை ஐயத்திற்கு இடமில்லாதவை என்னும் முறையில் எடுத்துரைத்திருந்தார். பிறர் அவ்வகை ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது பல உறுதிப்படவில்லை. மிகச் சிலரை மட்டும் கொண்டு நடத்திய சோதனைகளில் தாம் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்துவிட்டதாக 2017-இல் கானமன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் காலமானார். நோபெல் பரிசினும் இந்த ஒப்புதலே அவருக்கு அழகு என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒரு குருவும் ஒரு மேதையும்

விஞ்ஞானிகள் தவறுவதில்லை என்று சிலர் நினைக்கின்றனர். அவர்களும் தவறுகின்றனர், தவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஒழுங்கைத் தமக்குள் ஏற்படுத்திக்கொண்டதே விஞ்ஞானத்தின் வலிமை. இதற்கு நம் திருச்சபையோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு.

1917-இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் தம் சார்புக் கொள்கையைப் பேரண்டம் முழுமைக்கும் பொருத்திப் பார்த்தார். அண்டம் என்றும் மாறாமல் நிலைத்திருப்பது என்பது அக்காலத்தார் நம்பிக்கை. தம் சமன்பாடுகள் அந்நிலையான அண்டத்திற்கு இணங்காமையால் அவற்றில் புதிய உறுப்பு ஒன்றைச் சேர்த்தார். 1922-இல் இரஷ்யக் கணித அறிஞர் அலெக்சாந்தர் பிரீட்மன், அண்டம் விரியவும் கூடும் என்று கணக்கிட்டு எழுதினார். அக்கணக்கு தவறு என்று ஐன்ஸ்டைன் ஓர் ஏட்டில் மறுத்தார். ஆயினும் மறு ஆண்டிலேயே, பிழை தம் கணக்கில்தான் இருந்தது என்று அதே ஏட்டில் அச்சிட்டு வெளியிட்டார். உலகப் புகழின் உச்சியில் நின்ற மனிதர் அவர் என்பதை மறவாதீர்கள்.

1927-இல் பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் லெமேத்ர், அண்டம் உண்மையிலேயே விரிந்துகொண்டிருக்கிறது என்று ஆய்வுரை எழுதினார். இவர் 1923-இல் குருப்பட்டம் பெற்றவர். லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவ்வாண்டு பிரசெல்சு நகரில் ஐன்ஸ்டைன் அவரைச் சந்தித்தபோது கணிதத்தில் குறைகாணவில்லை. ஆனால் அதன் பௌதிகக் கருத்தைக் கடுஞ்சொல்லால் ஒதுக்கினார். லெமேத்ர் அடிகளார் சினந்துகொள்ளவில்லை. தம் ஆய்வைத் தொடர்ந்தார். 1929-இல் எட்வின் ஹபிள், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கேற்ற வேகத்தில் நம்மை விட்டு விலகுவதைத் தம் அளவீடுகளால் காட்டினார். 1931-இல் ஐன்ஸ்டைன் நிலையான அண்டம் என்னும் கருத்தைக் கைவிட்டார். அவ்வாண்டே லெமேத்ர், அண்டம் ஒரே ஆதி அணுவிலிருந்து தோன்றி விரிந்திருக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். இன்று பெருவெடிப்புக் கொள்கை என வழங்குவதற்கு அதுவே வித்து. 2018-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம், விரிவு பற்றிய விதியை ஹபிள்-லெமேத்ர் விதி என வழங்குமாறு பரிந்துரைத்தது.

இவ்வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி இனிமேல்தான் வருகிறது. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பிறை விஞ்ஞானக் கழகத்தில் உரையாற்றியபோது, அண்டத்திற்குத் தொடக்கம் உண்டு என்னும் புதிய விஞ்ஞானக் கருத்து படைப்பு பற்றிய நம் விசுவாசத்திற்குத் துணை நிற்பதாக மகிழ்ந்து பேசினார். தம் கொள்கைக்குத் திருத்தந்தையே பாராட்டு அளித்தால் எந்தக் குருதான் மகிழமாட்டார்? ஆனால் லெமேத்ர் கவலை கொண்டார். விஞ்ஞானக் கருதுகோள் இன்று நிற்கலாம், நாளை வீழலாம், அதன்மேல் விசுவாசத்தை ஊன்றுவது இரண்டிற்கும் தீங்கு என்பது அவர் நிலைப்பாடு. 1952 செப்டம்பரில் உரோமையில் கூடிய வானியல் அறிஞர்களுக்குத் திருத்தந்தை ஆற்றிய உரையில் அக்கருத்து திரும்ப வரவில்லை.

தனக்குச் சாதகமான வாதத்தைத் தானே தடுத்து நிறுத்திய இம்மனிதரின் நேர்மையை எண்ணிப் பாருங்கள். நமக்கு இனிக்கும் முடிவுகளிடத்தில்தான் நாம் கூடுதலாக ஐயங்கொள்ள வேண்டும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். 1966 ஜூன் மாதம் அவர் இறப்பதற்குச் சற்று முன்னர், ஆதி அண்டத்தின் எஞ்சிய வெப்பக் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன என்ற செய்தி அவர் செவிக்கு எட்டியது.

இல்லறத்தில் நான்கு நஞ்சுகள்

அண்டத்தை விட்டு அடுப்படிக்கு வருவோம். குடும்பத்தில் தவறை ஒப்புக்கொள்ளுதல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஆராய்ந்தவர் ஜான் காட்மன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1986-இல் அவர் ஆய்வுக்கூடம் ஒன்றை வீடு போலவே அமைத்தார். அங்குத் தம்பதியர் தமக்குள் பிணக்கான ஒன்றைப் பற்றிப் பேசும்போது அவர்தம் முகக்குறிகளும் சொற்களும் இதயத் துடிப்பும் பதிவு செய்யப்பட்டன. இராபர்ட் லெவன்சன் என்பாரோடு சேர்ந்து பல தம்பதியரை அவர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்.

சண்டையே இல்லாத குடும்பம்தான் நிலைக்கும் என்று நாம் நினைக்கிறோம். காட்மன் கண்டது வேறு. நிலைத்த தம்பதியரும் சண்டையிட்டனர். ஆனால் பிணக்கினிடையேயும் ஒரு கடுஞ்சொல்லுக்கு ஏறத்தாழ ஐந்து இன்சொல்லோ, புன்சிரிப்போ, செவிகொடுத்தலோ அவர்களிடம் இருந்தன. சிதையும் குடும்பங்களிலோ நான்கு நஞ்சுகள் தலைதூக்கின. செயலைக் கடியாமல் ஆளையே குறைகூறுதல், இகழ்தல், எதைச் சொன்னாலும் தன்னைத் தற்காத்துக்கொள்ளுதல், மதிற்சுவர்போல் வாய்மூடி அமர்தல். இவற்றுள் இகழ்ச்சியே கொடியது என்கிறார்.

மூன்றாவது நஞ்சு நம் பொருளுக்கு நெருங்கியது. “உப்பு மிகுந்துவிட்டதே” என்று கணவர் சொன்னால், “நீங்கள் நேரத்துக்கு வந்தீர்களா?” என்று மனைவி கேட்கிறார். “பிள்ளையின் கட்டணம் கட்டவில்லையா?” என்று மனைவி கேட்டால், “உன் தம்பிக்குக் கொடுத்த பணம் வந்ததா?” என்று கணவர் திருப்புகிறார். இருவரும் வாதத்தில் வெல்கின்றனர், இல்லம் தோற்கிறது. இதற்குக் காட்மன் கூறும் மாற்றுமருந்து எளியது: குற்றச்சாட்டில் ஒரு சிறு பங்கேனும் உண்மையிருந்தால் அந்தப் பங்கை ஏற்றுக்கொள்ளுதல். “ஆம், அதை நான் மறந்துவிட்டேன்” என்னும் ஒரு வாக்கியம் எரியும் கொள்ளியில் ஊற்றிய நீராகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. குடித்துவிட்டு அடிக்கும் கணவன்முன் மனைவி தவற்றை ஏற்றுப் பணிய வேண்டும் என்பது இதற்குப் பொருளன்று. அவ்வாறு போதிப்பது உண்மைக்கு மாறானது, அநீதியானது. உண்மையில் நம்முடையதாயிருக்கும் தவற்றை மட்டுமே நாம் ஏற்க வேண்டும். பிறர் குற்றத்தைச் சுமத்தினால் அதனை மறுப்பதும் உண்மைக்குச் செய்யும் தொண்டே.

பாராட்டும் ஒரு கண்ணியாகலாம்

தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவு பிள்ளைப் பருவத்திலேயே வளர்கிறது அல்லது வாடுகிறது. கிளாடியா மியுலர், கேரல் டுவெக் என்னும் இரு பெண் அறிஞர்கள் 1998-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஐந்தாம் வகுப்புச் சிறுவர்களுக்கு எளிய புதிர்களைக் கொடுத்து, விடை எழுதியபின் ஒரு சாராரிடம், “நீ மிகவும் புத்திசாலி” என்றும், மற்றொரு சாராரிடம், “நீ நன்றாக முயன்றாய்” என்றும் பாராட்டினர். பின்பு கடினமான புதிர்களைக் கொடுத்தபோது இரு சாராரும் தடுமாறினர். புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் அதன்பின் ஊக்கம் குன்றி, எளிய புதிர்களிலும் முன்னைவிடக் குறைவாகவே மதிப்பெண் பெற்றனர். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களோ முன்னேறினர்.

நம்மைத் திடுக்கிடச் செய்யும் செய்தி வேறொன்று. தங்கள் மதிப்பெண்ணை, முகமறியாத வேறொரு சிறுவனுக்கு எழுதித் தெரிவிக்கும்படி சொன்னபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் பத்தில் ஏறத்தாழ நால்வர் மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய் எழுதினர். மற்றச் சாராரில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டவர்களே அவ்வாறு செய்தனர். “நான் புத்திசாலி” என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்ட பிள்ளைக்குத் தவறு என்பது அப்பட்டத்தைப் பறிக்க வரும் பகைவன். ஆகவே அதனை மறைக்கிறது.

இக்கருத்தை மந்திரம் போல் எண்ணிவிடலாகாது. 2019-இல் அமெரிக்க மாணவர் ஆயிரக்கணக்கானோரிடையே நடந்த ஆய்வில், ‘அறிவு வளரக்கூடியது’ என்று கற்பிக்கும் குறுகிய பயிற்சியால் மதிப்பெண்ணில் விளைந்த பயன் சிறிதே என்று தெரிந்தது. எனினும், தவறு செய்த பிள்ளை உண்மை பேச அஞ்சாத வீட்டை அமைப்பது மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று, ஆன்மாவுக்காக. தட்டை உடைத்தவன் தானே வந்து சொன்னால், அவனை அடிக்குமுன் அவன் சொன்ன உண்மைக்காக அவனைப் பாராட்டுங்கள்.

திருச்சபையின் பழைய மருந்து

இவையெல்லாம் புதிய ஆய்வுகள். மருந்தோ பழையது. ஹிப்போ நகரின் ஆயர் புனித அகுஸ்தீனார் எழுபது வயதைக் கடந்தபின், 426-427 ஆகிய ஆண்டுகளில், தாம் அதுவரை எழுதிய 93 நூல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, எங்கெங்கே தவறினோம், எங்கெங்கே சொல் பிசகினோம் என்று தாமே திருத்தி நூல் எழுதினார். அந்தியோக்கியாவில் புனித இராயப்பர் பிசகியபோது புனித சின்னப்பர் யாவர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். அக்கண்டனம் விவிலியத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. திருச்சபை அதை மறைக்கவில்லை.

கலிலேயோவுக்கு 1633-இல் அளிக்கப்பட்ட தீர்ப்பை நினைவுகூர்ந்து, அன்றைய இறையியலாளர் தவறினர் என்று 1992 அக்டோபர் 31-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஏற்றுக்கொண்டார். 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் புனித இராயப்பர் பேராலயத்தில், திருச்சபையின் மக்கள் கடந்த காலத்தில் செய்த குற்றங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். காலம் தாழ்ந்தது உண்மையே. காலம் தாழ்ந்தாலும் சொல்லியே ஆக வேண்டிய சொற்கள் அவை.

இன்னொரு மருந்து புனித இஞ்ஞாசியாருடையது. 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ஆன்மீகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே ஓர் அறிவுரை உண்டு. பிறர் கூற்றைக் குற்றப்படுத்துவதைவிட நற்பொருளில் கொள்ளவே முந்த வேண்டும்; அவ்வாறு கொள்ள இயலாவிடில், அவர் அதை எப்பொருளில் கொண்டிருக்கிறார் என்று அவரையே கேட்க வேண்டும்; பிழையென்று கண்டால் அன்போடு திருத்த வேண்டும் என்பது அதன் கருத்து. ‘அவரையே கேள்!’ வேசன் மாணவர்கள் தவறவிட்டதும், நாம் தவறவிட்டதும், நானூறு ஆண்டுகளுக்கும் முன்னரே அங்கு எழுதப்பட்டிருந்தது. குருமடத்துத் தியானங்களில் எத்தனை முறை கேட்டோம்! கேட்டது காதோடு நின்றுவிட்டது.

ஆகவே, நம் இல்லங்களில் மூன்று பழக்கங்களை வளர்ப்போமாக. முதலாவது, ஒருவரைப் பற்றி உறுதியான தீர்ப்பு எழும்போதெல்லாம், “இது தவறாயிருந்தால் எனக்கு எப்படித் தெரியவரும்?” என்று நம்மையே கேட்போம். இரண்டாவது, சம்பந்தப்பட்டவரைப் பற்றி மூன்றாமவரிடம் பேசுமுன் அவரிடமே பேசுவோம். மூன்றாவது, இரவுச் செபத்தில் ஆன்ம சோதனை செய்யும்போது பாவங்களை மட்டுமன்று, அன்று நாம் கொண்ட தவறான எண்ணங்களையும் தேடுவோம். குடும்பத்தலைவர் வாரம் ஒரு முறையேனும் பிள்ளைகள் கேட்க, “இதில் நான் தவறினேன்” என்று சொல்லட்டும். அவர் மதிப்புக் குறைந்துவிடாது.

மதிப்புக் குறையாது என்பதை நாம் எளிதில் கற்கவில்லை. உறை கிடைத்தபின் மூன்று வாரங்கள் வாளாவிருந்தோம். ஊரார் என்ன நினைப்பர், குருவின் சொல்லுக்கு இனி என்ன மதிப்பு என்றெல்லாம் வாதங்கள் வரிசையாக வந்தன. யாவும் நமக்குச் சாதகமான வாதங்கள்! இறுதியில் ஒரு நாள் பேருந்து ஏறி அவர் குடியிருந்த ஊருக்குப் போனோம். நூற்பாலை ஒன்றில் காவற்காரராக இருந்தார். நம்மை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். நாம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: “சாமி, அன்று இரவு மணியடித்துவிட்டு நான் வாசலில்தான் நின்றேன். நீங்கள் உறையைக் கையில் பிடித்தபடி அலமாரிப் பக்கம் ஓடியதைப் பார்த்தேன். மறுநாள் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. எதற்காகச் சாவியை வாங்குகிறீர்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. ஊரார் பேசிய பிறகுதான் விளங்கியது.”

அன்று காலை தரையைப் பார்த்துப் பேசினாரே என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். “சப்பரம் தூக்கினதில் கழுத்து பிடித்துக்கொண்டது சாமி. நாலு நாள் நிமிரவே முடியவில்லை.”

விடைபெறும்போது அவர் ஒன்றே ஒன்று சொன்னார். “எனக்கு நீங்கள் வந்து சொன்னதே போதும் சாமி. என் சின்ன மகள்தான் அந்த ஊர்ப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்கிறாள்.” நாம் தனியே சொல்லிவிட்டுத் திரும்ப நினைத்திருந்தோம். ஊரறிய இழந்த பெயரை ஊரறியத்தான் திருப்பித் தர முடியும் என்பது அச்சொற்களில் விளங்கிற்று. அடுத்த ஞாயிறு திருப்பலியில், மறையுரைக்கு முன்னர், உறை கிடைத்த கதையை ஒன்றையும் மறைக்காமல் சொன்னோம். கோவிலில் ஓசையில்லை. அவ்வாரம் பாவசங்கீர்த்தனத்திற்கு வந்தோர் வழக்கத்தினும் மிகுதியாயிருந்தனர்.

அவர் அக்கோவிலுக்குத் திரும்பவில்லை. ஆலை வேலை அவருக்கு நிலைத்துவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுப் பணியை நாம் திருப்பித் தர இயலவில்லை. தவற்றை ஒப்புக்கொள்வதால் இழந்ததெல்லாம் மீளும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அடுத்த ஆண்டுத் திருவிழாவில் அவருடைய இளைய மகள் வந்திருந்தாள். சப்பரத்தின் பின்னே, பெண்கள் கூட்டத்தில், மெழுகுவர்த்தி ஏந்தி, தலை நிமிர்ந்து நடந்தாள்.

அன்பர்களே, இம்மாதம் உங்கள் இல்லத்தில் யாரைப் பற்றியேனும் உறுதியான தீர்ப்பு ஒன்று உங்கள் உள்ளத்தில் இருக்குமானால், அவரிடம் இன்னும் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கக்கூடும். இன்றே கேளுங்கள். உண்மையின் ஆவியானவர் நம் அனைவரையும் வழிநடத்துவாராக.